சில்லறைக்குள் தேடுவது எப்படி? புழக்க நாணயங்களில் மாறுபட்டதைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாணயம் சேர்க்க ஆரம்பிக்கும் பலர் முதல் நாளே அரிய நாணயத்தைத் தேடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் இருபது நாணயங்களை "இது வித்தியாசமாக இருக்கிறது" என்று தனியே எடுத்து வைப்பார்கள். அதில் பத்தொன்பது சாதாரணம். உண்மையிலேயே எடுத்து வைக்க வேண்டிய ஒன்று கழித்துப் போட்ட குவியலில் கிடக்கும்.

சாதாரண நாணயம் எப்படி இருக்கும் என்று கை பழகாததுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வீட்டிலும் கடையிலும் கைக்கு வரும் இந்தியக் குடியரசு நாணயங்களை வைத்தே எழுதியிருக்கிறேன். இந்த வேலைக்குச் சில்லறையை விடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. தவறாக எடுத்து வைத்தாலும் அதைக் கடையில் கொடுத்துப் பால் வாங்கிக்கொள்ளலாம்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்று தொடங்கினால் மூன்று மாதத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய உலோகம்தான் மிஞ்சும். ஆரம்பத்துக்கு ஒரே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒரு ரூபாய் அல்லது ஐந்து ரூபாய். இரண்டிலும் வடிவங்கள், உலோகங்கள், ஆண்டுகள் நிறைய. செலவும் குறைவு.

அந்த ஒரு மதிப்பில் ஒவ்வோர் ஆண்டுக்கும், ஒவ்வொரு நாணயச் சாலைக்கும் ஒன்று என்று சேர்ப்பதுதான் முதல் இலக்கு. நாணயச் சாலையிலேயே தவறாக அடிபட்ட பிழை நாணயத்தைத் தேட வேண்டாம். இப்படிச் சேர்க்கும்போது அது தானாகவே கண்ணில் படும்.

2. உட்காரும் முன் வேண்டியவை

நகைப் பட்டறைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசு. விட்டமும் தடிமனும் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சாதாரணக் காந்தம். மேசையில் விரிக்க அடர் நிறத்தில் மெத்தென்ற துணி. கோடு போட்ட ஒரு நோட்டு.

தராசை வாங்குவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு கிராம் அளவில் மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நமக்கு முக்கியமான வித்தியாசங்கள் பெரும்பாலும் அரை கிராமுக்குள்தான் இருக்கும்.

விளக்கு மேலிருந்து நேராக விழக் கூடாது. பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மேடும் பள்ளமும் நிழல் போட்டுத் தெரியும். பளிச்சென்ற டியூப் லைட்டின் நேர் கீழே உட்கார்ந்து எதையும் காணாமல் எழுந்து போனவர்கள் அதிகம்.

3. வழக்கமானதைக் கைக்குப் பழக்குங்கள்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். தேடவே வேண்டாம். ஒரே மதிப்பில் வெவ்வேறு காலத்து நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை, விட்டம் பாருங்கள், காந்தத்தை வையுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1975 முதல் வந்த பெரிய செப்பு-நிக்கல் ரூபாய் 8 கிராம். 1983-இல் அது 6 கிராமாகச் சுருங்கியது. 1992-இல் வந்த கதிர் போட்ட எஃகு ரூபாய் 4.85 கிராம், விட்டம் 25 மில்லிமீட்டர். ரூபாய்க் குறியோடு 2011-இல் வந்தது 3.79 கிராம். 2019 வரிசையில் வந்தது 3.09 கிராம், 20 மில்லிமீட்டர். ஐந்தும் ஒரு ரூபாய்தான், ஐந்தும் சாதாரணம்தான். இது தெரியாதவர் சிறிய ரூபாயைப் பார்த்ததும் எடை குறைந்த பிழை நாணயம் என்று துள்ளுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1992-இன் ஒரு ரூபாயும் 2011-இன் இரண்டு ரூபாயும் ஒரே எஃகு, ஒரே எடை, ஒரே விட்டம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் வித்தியாசம் தெரியாது. "இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் வட்டில் அடித்துவிட்டார்கள்" என்று ஒரு பையன் என்னிடம் கொண்டு வந்தது இந்த ஒற்றுமையால்தான். வட்டு என்பது உருவம் அடிக்கும் முன் இருக்கும் வெற்று உலோகத் துண்டு. அவன் எடை போட்டுப் பார்த்திருந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் எந்த எடையோடு ஒப்பிடுவது என்பதுதான் இன்னும் அவனுக்குத் தெரியவில்லை.

ஐந்து ரூபாயில் காந்தம் நல்ல வாத்தியார். தடித்த பழைய செப்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம் இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. 2007-ஐ ஒட்டி வந்த எஃகு நாணயம் ஒட்டும். அப்புறம் வந்த மஞ்சள் நிற நிக்கல்-பித்தளை ஒட்டாது. இரண்டு ரூபாயிலும் அப்படித்தான். 2004 வரை வந்த பதினோரு பக்க நாணயம் ஒட்டாது, 2005-க்கு அப்புறம் வந்த வட்டமான எஃகு ஒட்டும்.

ஒட்டக் கூடாதது ஒட்டினாலோ, ஒட்ட வேண்டியது ஒட்டாமல் போனாலோ அதைத் தனியே வையுங்கள். வேறு வட்டில் அடிபட்டதாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். எது என்று அப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

4. சில்லறை எங்கிருந்து வரும்

வங்கியில் நூறு நாணயங்கள் கொண்ட பாக்கெட்டாகக் கேட்டு வாங்கலாம். மாதக் கடைசியிலும் மாத முதல் வாரத்திலும் போகாதீர்கள். காசாளருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. "பழையது, கலந்தது இருந்தால் கொடுங்கள் சார்" என்று சொல்லிக் கேளுங்கள். புத்தம் புதிய பாக்கெட்டில் எல்லாம் ஒரே ஆண்டு, ஒரே நாணயச் சாலையாகத்தான் இருக்கும். பளபளப்பான மாதிரி ஒன்று எடுக்க அது நல்லது, தேடுவதற்கு உதவாது.

டீக்கடை, பெட்டிக்கடை, பூக்காரம்மா என்று சில்லறை சேரும் இடங்களில் நோட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அவர்களுக்கும் எண்ணும் வேலை மிச்சம்.

பலர் மறந்துவிடும் இடம் கல்யாண வீடு. நூற்றியொன்று வைக்கும் மொய்க் கவரின் மேல் ஒட்டிய ஒரு ரூபாய் பெரும்பாலும் கை படாத புதுக் காசு. நோட்டை எடுத்துக்கொண்டு கவரைக் குவித்துப் போடுவார்கள். சொந்தக்காரர் வீட்டில் கேட்டு வாங்கி, வேறு ஒரு ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். பசையைச் சுரண்டாமல் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுங்கள்.

இன்னோர் இடம், சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த வேண்டுதல் காசு. இருபது, முப்பது வருடம் யார் கையும் படாமல் இருக்கும். ஆனால் அது நேர்ந்த காசு. வீட்டுப் பெரியவர் சம்மதித்து, அவரே அவிழ்த்து வேறு காசு முடிந்தால் மட்டும் எடுங்கள். ஒரு நாணயத்துக்காகப் பாட்டியின் மனம் கோணக் கூடாது.

5. மேசையில் பிரிக்கும் வரிசை

குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்க்க ஆரம்பித்தால் நாற்பதாவது நாணயத்தில் கண் சோர்ந்துவிடும். அதனால் வெறும் கண்ணால் செய்யக்கூடிய வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

முதலில் வடிவ வாரியாகப் பிரியுங்கள். கதிர் போட்டது, கை முத்திரை போட்டது, ரூபாய்க் குறி போட்டது, நினைவு நாணயம் என்று தனித்தனிக் குவியல். ஒரே வடிவம் ஐம்பது சேர்ந்து கிடக்கும்போது மாறியிருக்கும் ஒன்று தானாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

அடுத்தது விளிம்பு. ஒரே வடிவத்தில் இருபதை அடுக்கி, அடுக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். தடிமன் மாறியது, ஒரு பக்கம் வெட்டுப்பட்டது, விளிம்பு வரி இல்லாதது எல்லாம் சில நொடிகளில் தெரிந்துவிடும். புதியவர்கள் இதைச் செய்வதே இல்லை. நாணயத்துக்கு இரண்டு முகம்தான் என்று நினைக்கிறார்கள், விளிம்பு மூன்றாவது முகம்.

மூன்றாவது, அச்சுத் திருப்பம். அச்சு என்பது நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் கருவி. சிங்க முகம் நேராக இருக்கும்படி நாணயத்தை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்து, புத்தகத் தாளைத் திருப்புவது போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும், இந்திய நாணயங்களின் முறை அது. சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. ஐந்து, பத்து டிகிரி சாய்வு நிறையவே கிடைக்கும், அதை விட்டுவிடலாம். கால் வட்டம், அரை வட்டம் திரும்பியிருந்தால் எடுத்து வையுங்கள்.

நான்காவது, ஆண்டு வாரியாகப் பிரிப்பது. ஐந்தாவதாகத்தான் லென்ஸ். அதிலும் முதலில் ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் பாருங்கள், அப்புறம் எழுத்துகள், கடைசியில் எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடம். தராசை எல்லா நாணயத்துக்கும் எடுக்க வேண்டாம், சந்தேகம் வந்ததற்கு மட்டும் போதும்.

ஒரு தடவைக்கு இருநூறு நாணயம், அதற்கு மேல் வேண்டாம். சோர்ந்த கண் எல்லாவற்றையும் சாதாரணம் என்றே சொல்லும்.

6. ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறி

இந்தியாவில் நான்கு நாணயச் சாலைகள். மும்பைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. பழைய ஐதராபாத் நாணயங்களில் நடுவில் பிளந்த வைரமும், புள்ளி வைத்த வைரமும் உண்டு.

அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். குறி இல்லாததைப் பார்த்து "நாணயச் சாலைக் குறி விடுபட்ட பிழை" என்று நினைப்பார்கள். அது கொல்கத்தா நாணயம், அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு, தேய்ந்த குறியை நம்பி நோட்டில் எழுதிவிடுவது. முனை மழுங்கிய நட்சத்திரம் புள்ளி போலத் தெரியும். வைரமும் அப்படித்தான். பக்கவாட்டு வெளிச்சத்தில் நாணயத்தை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தும் தெளிவில்லை என்றால் கேள்விக்குறி போட்டு வையுங்கள். நல்ல நிலையில் இன்னொன்று கிடைக்கும்வரை காத்திருக்கலாம்.

இந்த நான்கோடு முடிந்துவிடாது. சில ஆண்டுகளில் வெளிநாட்டு நாணயச் சாலைகளிலும் இந்திய நாணயம் அடித்து வாங்கியிருக்கிறார்கள். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் நாணயச் சாலை. சுலோவாக்கியாவின் கிரெம்னிட்சாவில் அடித்த எஃகு ரூபாயில் எம், கே என்ற எழுத்துகள் இருக்கும். தொடரை முழுமையாக்க இவை தேவை. ஆனால் எச் எழுத்தைக் காட்டி லட்சங்களில் விலை சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

7. பிழை நாணயமா, காயம் பட்ட நாணயமா?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஏமாற்றமும் ஏமாற்றுவதும் அதிகம் நடப்பது இங்கேதான்.

நாணயம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உலோகத் தகட்டிலிருந்து வட்டுகளை வெட்டுகிறார்கள். வட்டு ஒரு வளையத்துக்குள் உட்காருகிறது. மேலும் கீழும் இருக்கும் இரண்டு அச்சுகள் ஒரே அடியில் அதை அழுத்துகின்றன. ஆகவே உண்மையான பிழை வட்டில், அச்சில், அல்லது அடி விழுந்த விதத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எங்கே நடந்தது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அது பெரும்பாலும் நாணயச் சாலைக்கு வெளியே பட்ட காயம்.

முதல் விதி: மேடா, பள்ளமா என்று பாருங்கள். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறும். அதனால் நாணயத்தில் அது மேடான கோடாகத் தெரியும். ஓர் ஓரம் உடைந்து விழுந்த அச்சு அந்த இடத்தில் உருவமில்லாத மேட்டை விடும். கீறல் எப்போதும் பள்ளம். நகத்தை லேசாக வைத்தாலே சில சமயம் தெரியும், ஆனால் நகத்தால் தேய்க்காதீர்கள்.

விளிம்பில் பிறை போல வெட்டுப்பட்ட நாணயம் வந்தால், வெட்டுக்கு நேர் எதிர்ப் பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். உண்மையான வெட்டாக இருந்தால் அந்த ஓரமும் பலவீனமாக, மங்கலாக இருக்கும். வட்டின் ஒரு பக்கத்தில் உலோகம் இல்லாதபோது எதிர்ப்பக்க ஓரம் சரியாக எழும்பாது. அரம் வைத்து ராவிய நாணயத்தில் எதிர்ப்பக்கம் முழுமையாக இருக்கும், வெட்டிய இடத்தில் ராவிய வரிகளும் தெரியும்.

ஒரு பக்கம் சரியான உருவம், மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பள்ளமாக இருந்தால் அது புரோக்கேஜ். முந்தைய நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வட்டைத் தானே அச்சாக அழுத்துவதால் வருவது. தேடுபவர்கள் எல்லோரும் கனவு காண்பது. அதனாலேயே போலியும் உண்டு. இரண்டு நாணயங்களை இடுக்கியில் வைத்து நெருக்குவார்கள். அப்படிச் செய்ததில் முதலில் இருந்த உருவம் நசுங்கிக் கீழே கிடக்கும், மேலே பதிந்ததும் அரைகுறையாக இருக்கும்.

எழுத்தோ எண்ணோ பாதி காணாமல் போயிருந்தால் அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூளும் அடைத்திருக்கும். எஃகு நாணயங்களில் இது மிகச் சாதாரணம். மாதிரிக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், விலை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு உலோகப் பத்து ரூபாயில் நடுவட்டைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் போடும் வேலை நடக்கிறது. நாணயச் சாலையில் வளையமும் நடுவட்டும் ஒரே அடியில் இணைகின்றன. அதனால் உண்மையில் நடுவட்டு விலகிய நாணயத்தில், விலகியிருந்தாலும் உருவம் இரண்டின் மேலும் தொடர்ச்சியாக ஓடும். சேரும் இடத்தில் தட்டிய தழும்பு இருந்து, உருவம் தொடராமல் அறுந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் தலை உள்ள நாணயத்தை யாராவது காட்டினால், விளிம்பை ஒட்டிய உள்வட்டத்தை லென்ஸில் பாருங்கள். மிக மெல்லிய இணைப்புக் கோடு இருக்கும். எடை போட்டால் மாறும், மேசையில் போட்டால் சத்தம் மட்டமாக வரும். வித்தை காட்டுபவர்களுக்காகக் கடைந்து ஒட்டிய நாணயம் அது.

8. கழுவாதீர்கள்

புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், விபூதி வேண்டாம், பற்பசை வேண்டாம். பித்தளைப் பாத்திரம் துலக்கும் எதுவும் வேண்டாம்.

நாணயத்தின் மேற்பரப்பில் அடித்தபோது உலோகம் பரவிய நுண்ணிய வரிகள் இருக்கின்றன. வெளிச்சத்தில் திருப்பினால் ஒளி சுழல்வது அவற்றால்தான். ஒரு முறை தேய்த்தால் அது போய்விடும், திரும்ப வராது. தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த வெள்ளி ரூபாய்களைத் தீபாவளிக்குப் பளபளவென்று துலக்கி என்னிடம் கொண்டு வந்த குடும்பம் ஒன்று உண்டு. அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். வெள்ளிக்கு உள்ள மதிப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது.

மண், பிசுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவையுங்கள். அப்புறம் தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுத்து முழுமையாக உலரவிடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. வைப்பதும் எழுதுவதும்

நடுவில் மெல்லிய ஒளிபுகும் தாள் வைத்த அட்டைச் சதுரங்களை நாணயக் கடைகளில் டூ பை டூ ஹோல்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆரம்பத்துக்கு இது போதும். மென்மையாக வளையும் பிவிசி உறைகளைத் தவிருங்கள். நம் ஊர் வெக்கையில் அதிலிருந்து கசியும் பொருள் நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டு போடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். கடலோர ஊர் என்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

நாணயத்தை ஓரத்தில் பிடியுங்கள். விரல் ரேகை பதிந்தால் சில மாதத்தில் அது பழுப்புக் கறையாக நிலைத்துவிடும்.

நோட்டில் மதிப்பு, ஆண்டு, நாணயச் சாலை, எடை, எங்கே கிடைத்தது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். எங்கே கிடைத்தது என்பதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து எந்த டீக்கடையில் பழைய காசு அதிகம் வருகிறது என்று அந்த வரிதான் சொல்லும்.

10. "இதற்கு என்ன விலை?"

நாணயத்தின் விலை அரிதானதா, நல்ல நிலையில் உள்ளதா, வாங்க ஆள் உண்டா என்ற மூன்றும் சேர்ந்து வருவது. பழையது என்பதற்காக மட்டும் விலை வராது. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது, ஆனால் அவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. 50 காசு இன்னும் சட்டப்படி செல்லும்.

நினைவு நாணயங்களும் அப்படித்தான். தமிழ்க் கையெழுத்துடன் 2009-இல் வந்த அண்ணா ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு ஐந்து ரூபாய், காமராஜர் ஐந்து ரூபாய் எல்லாம் சேர்க்கவேண்டியவை. எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கையெழுத்து. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து, பத்து ரூபாய்க்கு லட்சம் தருவதாக வரும் செய்தி முழுப் பொய்.

யாராவது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. நாணயத்தை விற்பவர் எதற்காக முன்பணம் கட்ட வேண்டும்?

விலை அறிய நேரில் நடக்கும் நாணயக் கண்காட்சிக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மெட்ராஸ் காயின் சொசைட்டி இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் ஒரு நாள் செலவிட்டால் கண் நன்றாகப் பழகும். மூன்று பேரிடம் காட்டி, மூவரும் தனித்தனியாகச் சொல்வதைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

11. மண்ணிலிருந்து வந்தால்

சில்லறையில் தொடங்கிய பலருக்கு அடுத்த ஆசை ஆற்று மணல் பக்கம் போகும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் சங்ககால நாணயங்கள் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே விதி வேறு.

மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தாலும் இதே விதிதான். கிராம நிர்வாக அலுவலர் மூலம் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் படம் எடுங்கள். பானையோடு கிடைத்தால் பானையையும் கொடுங்கள். ஆய்வாளருக்கு நாணயம் எவ்வளவு முக்கியமோ அது கிடந்த இடமும் அவ்வளவு முக்கியம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டவே கூடாது.

வீட்டுப் பரணில் பரம்பரையாக இருந்த புதுக்கோட்டை அம்மன் காசோ, ராணி தலை போட்ட ரூபாயோ புதையல் ஆகாது. வைத்துக்கொள்ளலாம். ஆனால் நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972-இன் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு ஆசையாகக் கொடுத்தனுப்பும் முன் ஆண்டைப் பாருங்கள்.

1939 என்று ஆண்டு போட்ட வெள்ளி ரூபாய் அந்தப் பரணில் இருந்தால் உடனே கொண்டாட வேண்டாம். மிக அரிய ஆண்டு என்பதாலேயே 1938-இன் கடைசி எண்ணைத் திருத்திச் செய்த போலிகள் நிறைய உலவுகின்றன. லென்ஸை எடுங்கள், விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், அந்த 9-ஐச் சுற்றியுள்ள உலோகத்தை முதலில் பாருங்கள்.